பார்ப்பது வேறு, இறக்குவது வேறு: கோத்தகிரியிலிருந்து நான்கு வருட கிட்ஹப் அனுபவம்

கோத்தகிரியைச் சுற்றி நாங்கள் ஏழெட்டுப் பேர் தினமும் காலை 8.30க்கு வீட்டு மழைமானியில் அளவெடுக்கிறோம். கட்டபெட்டு, அரவேணு, கீழ்கோத்தகிரி என்று ஊருக்கொரு சிஎஸ்வி ஃபைல், அதாவது கமாவால் பிரித்த வெறும் எழுத்து அட்டவணை. எல்லாம் கிட்ஹப்பில், ஃபைல்களையும் அவற்றின் மாற்ற வரலாற்றையும் சேர்த்து வைக்கும் அந்தத் தளத்தில், ஒரே ரெப்போவில் (ஃபைல் தொகுப்பில்). என் லேப்டாப்பில் அதற்கான கிட் மென்பொருள் கிடையாது, நான்கு வருடமாக எல்லாமே பிரவுசரில்தான்.

பார்ப்பதற்கு இதைவிட நல்ல வசதி நான் கண்டதில்லை. ஃபைல் பெயரைத் தொட்டால் அட்டவணையாக விரிகிறது. ஏதாவது வரியில் கமா ஒன்று கூடிவிட்டால் அட்டவணை வராது, எந்த வரியில் கோளாறு என்று மேலேயே சொல்லிவிடும். எனக்குப் பாதி சரிபார்ப்பு அங்கேயே முடிந்துவிடுகிறது. 'பிளேம்' அழுத்தினால் ஒவ்வொரு வரியையும் கடைசியாகத் தொட்டது யார், எப்போது என்று பக்கத்திலேயே தெரியும். போன வடகிழக்குப் பருவமழையில் அரவேணு ஃபைலில் 84 மி.மீ. இருக்கவேண்டிய இடத்தில் 8.4 கிடந்தது. பிளேமில் பெயர் பார்த்து போன் போட்டேன். அவர் நோட்டைப் புரட்டி, 84தான் என்றார். இறக்கிய (டவுன்லோட் செய்த) ஃபைலில் இந்த வரலாறு எதுவும் கூட வராது.

இறக்குவதில்தான் அடிபட்டேன். பட்டியலில் ஃபைல் பெயர்மேல் ரைட் கிளிக் செய்து லிங்க்கைச் சேமித்துக்கொண்டு கீழ்கோத்தகிரிக்குப் பஸ் ஏறிவிட்டேன். அங்கே அன்று மழையில் கரண்டும் இல்லை, டவரும் இல்லை. ஃபைலைத் திறந்தால் முதல் வரியே 'டாக்டைப் எச்டிஎம்எல்', வலைப்பக்கம் தொடங்கும் வரி. நான் சேமித்தது ஃபைலைக் காட்டும் வலைப்பக்கத்தை! மூன்று வருட நவம்பர் மழையை ஒப்பிட உட்கார்ந்தவர்கள் டீ குடித்துவிட்டுக் கலைந்தார்கள். தவறு என்னுடையதுதான்.

அசல் ஃபைல் வேண்டுமென்றால் உள்ளே போய் 'ரா' அழுத்தவேண்டும், அல்லது அதன் பக்கத்திலிருக்கும் அம்புக்குறியை. ரா வெறும் எழுத்தாக வருவதால் சிக்னல் மங்கிய நாளிலும் சட்டென்று திறக்கிறது. சில தளங்களில் தொட்டதும் ஃபைல் இறங்கிவிடும், சிலவற்றில் திரையில் விரியும். அதற்குக் காரணம் பெரும்பாலும் சர்வர் கூடவே அனுப்பும் தலைப்பு வரிகள். 'கன்டென்ட் டிஸ்பொசிஷன்' என்ற வரியில் 'அட்டாச்மென்ட்' என்று இருந்தால் பிரவுசர் காட்டாமல் இறக்கிவிடும்.

முன்பு சப்வெர்ஷன் என்ற, கிட் போன்ற இன்னொரு வரலாறு காக்கும் மென்பொருளுக்கு, அதிலுள்ள ஃபைல்களை பிரவுசரில் காட்டும் வியூவிசி பயன்படுத்தியிருக்கிறேன். அதில் ஒவ்வொரு ரிவிஷனுக்கும் (திருத்தத்துக்கும்) வியூ, டவுன்லோட், அனோடேட் (பிளேம் போன்றது) என்று எழுத்திலேயே தனித்தனியாக இருக்கும். பழைய முகம்தான், ஆனால் குழப்பமே வராது. கிட்ஹப்பின் அந்தச் சின்ன அம்புக்குறி ஐகான் புதிதாகச் சேர்பவர்கள் கண்ணில் படுவதில்லை. இதில் எனக்கு உண்மையிலேயே வருத்தம் உண்டு.

இன்னொன்று, தமிழ். திரையில் 'அரவேணு' அழகாகத் தெரியும். இறக்கி எக்செல்லில் டபுள் கிளிக் செய்தால் பல சமயம் கிறுக்கலாகிவிடும். ஃபைல் கெடவில்லை, பயப்படவேண்டாம். டேட்டா மெனு வழியாக உள்ளே எடுத்து, தமிழ் உட்பட எல்லா எழுத்துக்கும் பொதுவான யுடிஎஃப்-8 குறியீட்டைத் தேர்ந்தெடுத்தால் எழுத்து திரும்பிவிடும்.

இப்போதெல்லாம் இறக்கியதும் நோட்பேடில் ஒருமுறை திறக்கிறேன். முதல் வரியில் தேதி, ஊர், மி.மீ. என்று இருந்தால்தான் பஸ் ஸ்டாண்டுக்குக் கிளம்புவது.