உயிரித் தொழில்நுட்பக் கண்காட்சியில் ஸ்டால் எடுக்கப் போகிறவர்கள் பணம் கட்டும் முன் படியுங்கள்

1,53,400 ரூபாய். அதில் ஒரு பைசாகூடத் திரும்பாது என்று இன்று காலை மின்னஞ்சல் வந்துவிட்டது. கோபம் ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன். ஆறிவிட்டால் வெட்கப்பட்டு மூடி மறைத்துவிடுவேனோ என்று பயமாக இருக்கிறது.

நானும் தங்கை வீட்டுக்காரரும் பொள்ளாச்சிப் பக்கம் உயிர் உரம் தயாரிக்கிறோம். அசோஸ்பைரில்லம், பாஸ்போபாக்டீரியா; பயிருக்குத் தழைச்சத்தும் மணிச்சத்தும் கிடைக்க உதவும் நுண்ணுயிர்கள். தென்னந்தோப்புக்காரர்கள்தான் எங்கள் வாடிக்கையாளர்கள். வெளிமாநில வியாபாரிகளைப் பிடிக்க வேண்டும் என்று இரண்டு ஆண்டுகளாக ஆசை. அப்போதுதான் கண்காட்சி நடத்தும் ஒரு நிறுவனத்திலிருந்து அழைப்பு வந்தது. ஐதராபாத்தில் மூன்று நாள் உயிரித் தொழில்நுட்பக் கண்காட்சி. ஜீனோம் வேலி என்ற உயிரித் தொழில்நுட்பத் தொழிற்பேட்டை இருக்கிற ஊர், தடுப்பூசித் தொழிற்சாலைகள் நிறைந்த ஊர் என்பதால் எனக்குச் சந்தேகமே எழவில்லை.

பேசிய தம்பி விலைப்பட்டியலை ஒப்பிக்கவில்லை. "அக்கா, உங்களுடையது தூளா, திரவமா? திரவம் என்றால் எத்தனை மாதம் தாங்கும்?" என்று கேட்டார். திரவ உயிர் உரத்தில் ஒரு மில்லிக்கு 10 கோடி உயிருள்ள நுண்ணுயிர்கள் இருக்க வேண்டும் என்பது உரக் கட்டுப்பாட்டு ஆணையின் விதி. கடையில் கிடக்கும் பாட்டிலில் அந்த எண்ணிக்கை குறையாமல் காப்பதுதான் எங்கள் தொழிலின் பெரும்பாடு. அதைக் கேட்கத் தெரிந்தவருக்குத் தொழில் தெரியும் என்று நினைத்தேன். அந்த ஒரு கேள்வியில் நம்பிவிட்டேன்.

3க்கு 3 மீட்டர் ஸ்டால், சதுர மீட்டர் 10,000 வீதம் 90,000. வாங்க வருகிறவர்களோடு நேரம் குறித்துப் பேச வைக்கும் 'தொழில் சந்திப்பு'க்குத் தனியாக 40,000. இரண்டுக்கும் 18 சதவீத ஜிஎஸ்டி 23,400. மொத்தம் 1,53,400 ரூபாய். சலுகை நாளை மாலையோடு முடிகிறது என்றார், அன்றிரவே அனுப்பினேன். மறுநாள் 12 பேரின் பட்டியல் வந்தது. பெயர், பதவி, சந்திக்கும் நேரம் எல்லாம் இருந்தன. அந்தத் தாளை அம்மாவிடம்கூடக் காட்டினேன்.

வாசலுக்கு எதிரே என்று வரைபடத்தில் காட்டிய ஸ்டால், அங்கே போனதும் கடைசி வரிசைக்குப் போய்விட்டது. பிளக் பாயின்ட்டில் மாலை வரை மின்சாரம் இல்லை; மாதிரி பாட்டில்களுக்காகக் கொண்டுபோன சின்னக் குளிர்பெட்டி சும்மா நின்றது. இதையெல்லாம் பொறுத்துக்கொண்டேன். சந்திப்புகள்தானே முக்கியம்?

12 பேரில் வந்தவர்கள் மூன்று பேர். ஒருவர் காப்பீட்டு முகவர். ஒருவர் பேனர் அச்சடிப்பவர். மூன்றாமவர் ஆந்திராவின் பீமவரத்துக்காரர், என் பட்டியலில் 'வேளாண் இடுபொருள் கொள்முதல் தலைவர்'. நான் பாட்டிலை எடுத்து நீட்டினேன். அவரும் தன் பையிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்து என் முன் வைத்தார். இறால் குளத்தில் போடும் நல்ல நுண்ணுயிர்க் கலவை, அதாவது புரோபயாடிக், அவரே தயாரிப்பது. இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்தோம். அவருடைய பட்டியலை வாங்கிப் பார்த்தேன். அதில் என் பெயர் இருந்தது, 'கொள்முதல் மேலாளர்' என்று. அவரும் 40,000 கட்டியிருக்கிறார். விற்க வந்த இருவரை எதிரெதிரே உட்கார வைத்து இருவரிடமும் காசு வாங்கியிருக்கிறார்கள்!

அலுவலக மேசைக்குப் போனேன். "சாப்பாட்டுக்குப் பிறகு வாருங்கள் மேடம்." பிறகு போனால், "பொறுப்பாளர் மேடையில் இருக்கிறார்." மூன்றாம் நாள் மேசையே காலி. ஊர் திரும்பி அழைத்தால் கணக்குப் பிரிவைக் கேளுங்கள் என்றார்கள். கணக்குப் பிரிவு விற்பனைப் பிரிவைக் கைகாட்டியது. அக்கா, அக்கா என்று பேசிய தம்பி வேலையை விட்டுப் போய்விட்டாராம். இன்று வந்த பதில்: சந்திப்புகளுக்கு 'முயற்சி' மட்டுமே செய்வோம் என்று விதிமுறையில் இருக்கிறதாம். அடுத்த ஆண்டு ஸ்டாலுக்குப் பத்து சதவீதத் தள்ளுபடி தருகிறார்களாம். 1,53,400 ரூபாயை வாரிக் கொடுத்தவளிடம் அடுத்த ஆண்டைப் பற்றிப் பேச எப்படி மனம் வருகிறது?

என்னென்ன பார்க்க வேண்டும் என்று விரிவாக எழுத நினைத்தேன். கை ஓடவில்லை. சுருக்கமாக: முழுப் பணத்தையும் முன்பே கட்டாதீர்கள். சென்ற ஆண்டு ஸ்டால் போட்டவர்களை நீங்களாகவே தேடிப் பிடித்துப் பேசுங்கள், கண்காட்சி நடத்துகிறவர்கள் தரும் எண்களில் அல்ல. பட்டியலில் உள்ளவர்களின் அலுவலகத்துக்கு நேரடியாக அழைத்துக் கேளுங்கள். நான் ஒரே ஒருவரை அழைத்திருந்தாலும் தப்பியிருப்பேன். ஸ்டால் எண்ணையும் சந்திப்புகளின் எண்ணிக்கையையும் ரசீதிலேயே எழுதி வாங்குங்கள். நுகர்வோர் மன்றம் இருக்கிறதே என்று துணியாதீர்கள். வணிக நோக்கத்துக்காகப் பெற்ற சேவைக்கு 2019ஆம் ஆண்டுச் சட்டப்படி நீங்கள் நுகர்வோரே அல்ல. சுயதொழிலால் பிழைக்கப் பொருள் வாங்கியவருக்கு மட்டும் சட்டத்தில் விலக்கு உண்டு. அது சேவைக்கும் பொருந்தும் என்று வாதாடித்தான் முயன்று பார்க்கலாம் என்கிறார் வழக்கறிஞர்.

பீமவரத்துக்காரரும் நானும் சேர்ந்து நோட்டீஸ் அனுப்புகிறோம். அந்தக் கண்காட்சியில் 40,000 கட்டியவர்கள் யாராவது இதைப் படித்தால், உங்கள் பட்டியலைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். அதில் பொள்ளாச்சியிலிருந்து ஒரு 'கொள்முதல் மேலாளர்' இருந்தால், அது நான்தான். உடனே எழுதுங்கள்.