ரிச்சி தெருவில் கணினியைச் சர்வீஸுக்குக் கொடுப்போர் கவனத்திற்கு

கார் பந்தய விளையாட்டு ஒன்று பாதியில் நின்றுவிடுகிறது என்பதற்காகக் கணினியைச் சரிபார்க்கக் கொடுத்து, செய்யாத வேலைக்கு 4,500 ரூபாய் கட்டியதோடு ஒரு ரேமையும் பறிகொடுத்த விவரத்தை, இதே வேலையாகச் சென்னை ரிச்சி தெருப் பக்கம் செல்லவிருப்பவர்களுக்காகப் பதிவு செய்கிறேன். அங்கே நேர்மையாகத் தொழில் செய்யும் கடைகள் பல உண்டு. நான் சொல்வது ஒரே ஒரு கடையைப் பற்றி மட்டுமே.

ஃபோர்ஸா ஹொரைசன் 5 விளையாட்டில் பந்தயம் தொடங்கிய சிறிது நேரத்தில், எந்தப் பிழைச் செய்தியும் காட்டாமல் விளையாட்டு மூடிக்கொண்டு டெஸ்க்டாப் வந்துவிடும். மற்ற விளையாட்டுகள் மணிக்கணக்கில் ஓடின. திரையில் கோடுகளோ நிறப்புள்ளிகளோ ஒருமுறைகூடத் தோன்றியதில்லை. கிராபிக்ஸ் கார்டின் சிப் பழுதாகியிருந்தால் பெரும்பாலும் இவை தென்படும், அதுவும் ஒரு விளையாட்டில் மட்டும் என்றில்லாமல். இதைச் சொன்ன பிறகும் கடைக்காரர், "கார்டு போயிடுச்சு சார், சிப் லெவல்ல ரீபாலிங் பண்ணணும்" என்று முடிவாகச் சொல்லிவிட்டார். ஜாப் கார்டு (ஒப்படைத்த பொருளையும் செய்யவேண்டிய வேலையையும் குறித்துத் தரும் சீட்டு) கேட்டதற்கு வாட்ஸ்அப்பில் அனுப்புவதாகச் சொன்னார். வந்தது கேபினட்டின் புகைப்படம் மட்டும்.

திரும்பி வந்த கணினியில் விளையாட்டு ஒழுங்காக ஓடியதால் அவர் சொன்னது உண்மைபோலவே தோன்றியது. விண்டோஸை ஃபார்மட் செய்திருந்தார்கள் (நூறு ஜிபிக்கு மேற்பட்ட விளையாட்டை மறுபடியும் டவுன்லோடு செய்த எரிச்சல் தனிக்கதை). ஆனால், திரையின் மூலையில் எஃப்.பி.எஸ். எண்ணை (நொடிக்கு எத்தனை படங்கள் என்ற கணக்கை) விளையாட்டின் மேலேயே காட்டுவதற்காக நான் வைத்திருந்த ஓவர்லே செயலியை மீண்டும் நிறுவிய அன்றே பழைய கோளாறு திரும்பியது. பிழைகளை விண்டோஸ் பதிந்துவைக்கும் ஈவென்ட் வியூவரில் விண்டோஸ் லாக்ஸ், அதனுள் அப்ளிகேஷன் பகுதியைத் திறந்தால், விளையாட்டு மூடிய நேரத்திற்கு நேராக ஒரு சிவப்புப் பதிவு இருக்கும். எந்தக் கோப்பில் பிழை நேர்ந்தது என்பதும் அதில் எழுதியிருக்கும். என் கணினியில் அந்தக் கோப்பு ஓவர்லே செயலியுடையது. செயலியை நீக்கியதும் பிரச்சினை தீர்ந்தது. அந்த இடத்தில் கிராபிக்ஸ் டிரைவரின் கோப்பு இருந்திருந்தால் டிரைவரை முழுமையாக நீக்கிப் புதிதாக நிறுவியிருப்பேன். விளையாட்டின் சொந்தக் கோப்பாக இருந்தால் விளையாட்டுகளை நிறுவ உதவும் ஸ்டீம் செயலியிலேயே கோப்புகளைச் சரிபார்க்கும் வசதி இருக்கிறது. இவை எதற்கும் திருப்புளி தேவையில்லை.

சந்தேகம் வந்ததால் கேபினட்டைத் திறந்தேன். ரீபாலிங் என்பது சிப்பைச் சூடாக்கிக் கழற்றி, அடியிலுள்ள சால்டர் மணிகளை மாற்றி மீண்டும் பொருத்துகிற வேலை. ஹீட்சிங்க்கைக் கழற்றாமல் அதைச் செய்யவே முடியாது. என் கார்டிலோ பின்பக்கத் திருகின் மேலிருந்த சீல் ஸ்டிக்கர் கிழியாமல் இருந்தது, விசிறிக்கு அடியில் படிந்த தூசிகூடக் கலையவில்லை.

டாஸ்க் மேனேஜரில் ரேமின் வேகம் 3200க்குப் பதிலாக 2666 என்று காட்டியது. பயாஸ் (கணினி தொடங்கும்போது முதலில் இயங்கும் அடிப்படை மென்பொருள்) அமைப்பு மாறினாலும் வேகம் குறையும் என்பதால் இதை மட்டும் வைத்துக் குற்றம் சாட்ட இயலாது. ஆனால் இரண்டு 8 ஜிபி ரேம்களில் ஒன்றின் ஸ்டிக்கரில் இருந்த பார்ட் நம்பர், நான் வாங்கியபோது கொடுத்த பில்லில் உள்ள எண்ணோடு ஒத்துப்போகவில்லை. ஆகவே கணினியைக் கொடுக்கும் முன், கேபினட்டைத் திறந்து ரேம், எஸ்.எஸ்.டி., கிராபிக்ஸ் கார்டு ஆகியவற்றின் ஸ்டிக்கர்களைப் படமெடுத்து, அதே எண்களைக் கடையின் ஜாப் கார்டிலும் எழுதி வாங்குங்கள். மறுக்கும் கடையிலிருந்து கணினியோடு வெளியே வந்துவிடுவதே நல்லது.

கடைக்காரரிடம் கேட்கப் போனபோது, "பில் இருக்கா?" என்று திருப்பிக் கேட்டார், தாமே பில் தராதவர். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019இன்படி, செய்த சேவைக்குப் பில் தராததே நியாயமற்ற வணிக நடைமுறைதான். யு.பி.ஐ.யில் பணம் அனுப்பிய பதிவையும் வாட்ஸ்அப் உரையாடலையும் வைத்துத் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் புகார் பதிந்திருக்கிறேன். மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில், கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய் வரை இருந்தால் வழக்குத் தொடரக் கட்டணமும் கிடையாது. புகாருக்குப் பிறகு கடையிலிருந்து அழைத்து, என் பழைய ரேமைத் தேடிப் பார்ப்பதாகச் சொல்லியிருக்கிறார்கள்; 4,500 ரூபாயைப் பற்றி இதுவரை வாய் திறக்கவில்லை.