மிசௌரியா, விஸ்கான்சினா? வசந்தகால வான்கோழி வேட்டைக் கணக்கு

அமெரிக்காவில் வசந்தகால வான்கோழி வேட்டைக்கு இடம் தேடுகிறவர்கள் முதலில் பார்ப்பது, சென்ற ஆண்டு எந்த மாநிலத்தில் எத்தனை கோழி விழுந்தது என்ற எண்ணைத்தான். அந்த ஒற்றை எண்ணை நம்பி இடத்தை முடிவு செய்யக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. அதை விளக்க மிசௌரியும் விஸ்கான்சினும் பொருத்தமான இணை. இரண்டும் பரப்பளவில் ஏறக்குறைய சமம். இரண்டிலும் இருப்பது கிழக்கத்திய வகைக் காட்டு வான்கோழிதான். அதைவிட முக்கியம், விஸ்கான்சின் கோழிகளின் பிறந்த வீடே மிசௌரி.

விஸ்கான்சினில் கடைசிக் காட்டு வான்கோழி 1881-இல் டார்லிங்டன் ஊருக்கருகே தென்பட்டதாகப் பதிவு. காடு அழிந்ததும், கட்டுப்பாடற்ற வேட்டையும் அதற்குக் காரணங்கள். பிற்காலத்தில் பண்ணையில் வளர்த்து விடப்பட்ட கோழிகள் காட்டில் நிலைக்கவில்லை. மிசௌரியிலும் 1950-களின் தொடக்கத்தில் 2,500-க்கும் குறைவாகவே எஞ்சியிருந்தன. ஆனால் ஓசார்க் மலைக்காடுகளில் எஞ்சியவை அசல் காட்டுக் கோழிகள். அவற்றை வலையில் பிடித்து, கோழி அற்றுப்போன கவுண்டிகளில் (நம் மாவட்டம் போன்ற பிரிவுகளில்) விட்டார்கள். 1960-இல் மூன்று நாள் மட்டும் வேட்டை அனுமதிக்கப்பட்டு, 94 கோழிகள் சுடப்பட்டன. 1976-இல் விஸ்கான்சின் தன் காட்டிலிருந்து ரஃப்டு கிரவுஸ் பறவைகளைக் கொடுத்து, பண்டமாற்றாக மிசௌரி வான்கோழிகளைப் பெற்றது. வெர்னான் கவுண்டியில் முதலில் விடப்பட்டவை 29. ஏழே ஆண்டுகளில், 1983-இல், அங்கே வேட்டை தொடங்கியது. அந்த ஆண்டு விழுந்தவை 182.

இப்போது எண்களுக்கு வருவோம். மிசௌரியின் உச்சம் 2004-இல். அந்த வசந்தத்தில் 60,000-க்கும் மேல். விஸ்கான்சின் தன் உச்சத்தை 2008-இல் தொட்டது, 52,000-க்கும் மேல். பத்தாண்டு கழித்து, 2018-இல், மிசௌரி 36,000 அளவுக்கு இறங்கியிருக்க, விஸ்கான்சின் 39,000-ஐ நெருங்கி முந்திக்கொண்டது. கோழி கொடுத்தவரை வாங்கியவர் முந்தியது எப்படி?

மிசௌரியின் சரிவுக்கு விடை துப்பாக்கியில் இல்லை, கூட்டில் இருக்கிறது. கோடையில் தன்னார்வலர்கள் பெட்டைகளையும் குஞ்சுகளையும் எண்ணி மாநில வனவுயிர்த் துறைக்குத் தெரிவிப்பார்கள். ஒரு பெட்டைக்கு ஒரு குஞ்சு என்ற அளவுக்கும் கீழே அந்தக் கணக்கு போன ஆண்டுகள் உண்டு. பெட்டை தரையில் கூடு கட்டி, பத்துப் பன்னிரண்டு முட்டை இட்டு, நான்கு வாரம் அடை காக்கிறது. பொரித்த குஞ்சுகள் மரமேறிப் பழக இரண்டு வாரம் ஆகும். அதுவரை ஈரமும் குளிரும், ரக்கூனும் நரியும், பூச்சியில்லாத வெற்றுப் புல்லும் எல்லாமே அவற்றுக்கு எமன். குஞ்சு பிழைக்காத ஆண்டின் விளைவு, அந்தத் தலைமுறைச் சேவல்கள் இரண்டு வயதாகிக் கூவ வேண்டிய வசந்தத்தில்தான் முழுமையாகத் தெரியும். ஆகவே இந்த ஆண்டு வேட்டை எண்ணை விட, இரண்டு ஆண்டுக்கு முந்தைய குஞ்சுக் கணக்கைத் தேடிப் படிப்பவர் சரியாக முடிவெடுப்பார். 2024-இல் மிசௌரியில் 13 ஆண்டுக்கு ஒருமுறை வெளிவரும் சிக்காடாப் பூச்சிகள் மண்ணிலிருந்து கூட்டம் கூட்டமாக எழுந்தபோது வேட்டைக்காரர்கள் மகிழ்ந்தது இதனால்தான். குஞ்சுகளுக்கு அது தேடாமல் கிடைத்த தீனி, குஞ்சுகளைத் தின்னும் விலங்குகளுக்கும் வேறு உணவு.

மாநிலத்துக்குள்ளும் எண் ஏமாற்றும். மிசௌரியில் பட்டியலின் தலையில் அடிக்கடி நிற்பவை ஃபிராங்க்ளின், டெக்சஸ் ஆகிய கவுண்டிகள். டெக்சஸ் கவுண்டி அந்த மாநிலத்திலேயே பரப்பில் பெரியது. பெரிய கவுண்டியில் அதிகம் விழுவதில் வியப்பில்லை. சதுர மைலுக்கு எத்தனை என்று வகுத்துப் பார்த்தால்தான் கோழி எங்கே செறிந்திருக்கிறது என்பது புலப்படும். விஸ்கான்சினின் ஏழு வேட்டை மண்டலங்களுக்கும் இதே விதி பொருந்தும். பெரும்பகுதி 1 முதல் 3 வரையிலான மண்டலங்களில் விழுகிறது. ஓடைப் பள்ளத்தாக்கும் சோளக்கொல்லையும் ஓக் சரிவும் கலந்து கிடக்கும் அந்நிலம் கோழிக்கென்றே அமைந்தது போலிருக்கும். வடக்கே அடர்காட்டிலும் நீண்ட பனிக்காலத்திலும் எண்ணிக்கை சுருங்கிவிடும்.

உண்மையான வேறுபாடு விதிகளில். மிசௌரியில் ஏப்ரல் பிற்பகுதியில் தொடங்கி மூன்று வாரம் பருவம். உரிமத்தை யாரும் நேரடியாக வாங்கலாம். இரண்டு கோழி வரை சுடலாம், முதல் வாரத்தில் ஒன்றுதான். நெடுங்காலம் மதியம் 1 மணியோடு வேட்டையை முடித்துவிட வேண்டும் என்றிருந்தது. 2024 முதல் தனியார் நிலத்தில் சூரியன் மறையும் வரை அனுமதி. பொது நிலத்தில் பழைய நேரமே நீடிக்கிறது. இந்தத் தளர்வு எனக்கு உவப்பில்லை. பிற்பகல் என்பது வேட்டைத் தொல்லையின்றிக் கோழிகள் மேய்ந்து திரிந்த நேரம்.

விஸ்கான்சின் ஏப்ரல் மூன்றாம் புதன் முதல் மே இறுதி வரை ஏழேழு நாளாக ஆறு தவணைகளாகப் பருவத்தைப் பிரித்திருக்கிறது. எந்த மண்டலம், எந்தத் தவணை என்று விண்ணப்பித்துக் குலுக்கலில் அனுமதிச் சீட்டு பெற வேண்டும். மீந்த சீட்டுகள் பிறகு விற்பனைக்கு வரும். ஆண்டுக்கு இரண்டு லட்சத்துக்கு மேல் சீட்டுகள் வழங்கப்படுகின்றன. விழும் கோழிகளோ ஏறக்குறைய 40,000 முதல் 50,000 வரை. சுமார் ஐந்து சீட்டுக்கு ஒரு கோழி. மொத்த எண்ணைப் பார்த்து மயங்குகிறவர் இந்த விகிதத்தை மனத்தில் இருத்த வேண்டும்.

அந்தப் பிரிப்பின் அருமை விடியலில் தெரியும். இருள் பிரியும் முன்பே மரத்தடியில் முதுகைச் சாய்த்து உட்கார வேண்டும். அடைந்த கிளையிலிருந்தே சேவல் கூவும். கல்தட்டில் குச்சியைத் தேய்த்துப் பெட்டையின் குரலை மெல்ல எழுப்பினால் பதில் வரும், நெருங்கும். தலை சிவந்து, வெளுத்து, கன்னம் நீலம் பாரிக்க, மூக்கின் மேல் சதை நீண்டு தொங்க, தோகை விரித்துக்கொண்டு வரும். அந்த மூன்று நிறங்களையும் வேட்டைக்காரர் உடையில் அணியக் கூடாது என்பதும் இதனால்தான். புதரினூடே நிறத்தை மட்டும் கண்டு இன்னொருவர் சுட்டுவிடும் அபாயம் மெய்யானது. பக்கத்துச் சரிவிலும் எதிர்ச் சரிவிலும் இன்னும் பத்துப் பேர் அதே குரலை எழுப்பினால் சேவல் வாயடைத்துப் போகும். முதல் வாரத்து மிசௌரிப் பொதுக்காடு பல நேரம் அப்படித்தான். விஸ்கான்சினில் ஒவ்வொரு தவணைக்கும் ஆள் எண்ணிக்கை வரையறுக்கப்படுவதால் காட்டில் அமைதி மிஞ்சுகிறது.

தெற்கு மாநிலங்கள் வேறொரு வழியைத் தேர்ந்தன. ஜார்ஜியா 2022-இலும் டென்னசி 2023-இலும் பருவத்தைத் தள்ளி வைத்து, உச்சவரம்பை மூன்றிலிருந்து இரண்டாக்கின. இணைசேரும் முன்பே பெரிய சேவல்கள் போய்விடக் கூடாது என்பது வாதம். டென்னசியின் தென்பகுதிக் கவுண்டிகளில் நடந்த ஆய்வு, தள்ளி வைத்ததால் மட்டும் குஞ்சுகள் பெருகியதாகக் காட்டவில்லை. நாள்காட்டியைத் திருத்துவதை விட, கூடு மறையும் புல்லையும் பூச்சி நிறைந்த வெளியையும் வளர்ப்பதே பயன் தரும் என்று நான் நினைப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

மிசௌரியில் சொந்த நிலமோ, நிலம் தரும் நண்பரோ இருந்தால் அங்கே போங்கள். மூன்று வாரமும் உங்கள் கையில், வானிலை பார்த்து நாளைத் தேர்ந்தெடுக்கலாம். பொது நிலத்தை நம்பி வருகிறவருக்கும் புதியவருக்கும் நான் விஸ்கான்சினையே சொல்வேன். முதல் தவணையில் பனி கொட்டக்கூடும். மூன்றாவது, நான்காவது தவணைகளில் கூட்டம் குறைந்திருக்கும். பெட்டைகள் அடையில் உட்கார்ந்துவிட, துணையற்ற சேவல்கள் அழைப்புக்கு எளிதில் செவி சாய்க்கும். கடைசி இரண்டில் இலை அடர்ந்து, கொசுவும் பெருகிவிடும். விண்ணப்பக் கெடு முந்தைய டிசம்பர் 10. தவறவிட்டால் மார்ச் மாதம் மீந்த சீட்டு விற்பனையில் முயலலாம். 1973 ஜனவரி 1-ஆம் தேதியோ அதற்குப் பிறகோ பிறந்தவர் என்றால், உரிமம் கேட்கும் முன் வேட்டைப் பாதுகாப்புப் பயிற்சிச் சான்றிதழ் கையில் இருக்க வேண்டும்.