படகை நேராக ஏற்ற உதவும் வழிகாட்டிக் கம்பங்கள்: இரண்டு ஆண்டுப் பயன்பாட்டுக்குப் பின்

நீரிலிருந்து வெளியே இழுத்த பிறகுதான் படகு டிரெய்லரில் கோணலாக அமர்ந்திருப்பது கண்ணில் படும். அதைச் சரிசெய்ய மீண்டும் நீருக்குள் இறக்குவதைத் தவிர வேறு வழியில்லை. என்னுடைய நாலரை மீட்டர் ஃபைபர் படகை நான் பெரும்பாலும் தனியாகவே ஏற்றுகிறேன். பக்கக் காற்று வீசிய ஒரு நாளில், அணியத்தை (படகின் முன்முனையை) வின்ச் வாரில், அதாவது டிரெய்லரின் முன்னால் உள்ள சுழற்றி இழுக்கும் கருவியின் பட்டையில் மாட்டி இழுத்துக்கொண்டிருக்கும்போதே பின்புறம் காற்றோடு ஒதுங்கி மட்கார்டில் உரசியதால் ஜெல்கோட்டில் (ஃபைபரின் வெளிப்பூச்சில்) நீண்ட கீறல் விழுந்தது. அதன் பிறகே டிரெய்லரின் பின்பகுதியில் இருபுறமும் நிறுத்தும் வழிகாட்டிக் கம்பங்கள் ஒரு ஜோடி வாங்கிப் பொருத்தினேன்.

இவற்றின் அமைப்பு எளிது. ‘எல்’ வடிவில் வளைத்த எஃகுக் குழாய்களை யு-போல்ட்டுகளால் டிரெய்லர் சட்டத்தோடு பிடிக்க வேண்டும். நிமிர்ந்து நிற்கும் பகுதியின்மேல் வெள்ளை பிவிசி குழாய் உறைபோலச் செருகப்பட்டிருப்பதால், படகின் பக்கம் அதில் உரசினாலும் கீறல் விழுவதில்லை. வாங்கும்போது நான் எண்ணிப் பாராத நன்மை ஒன்றும் உண்டு. காலி டிரெய்லர் முழுவதும் நீருக்குள் மறைந்த நிலையிலும் இரண்டு வெள்ளைக் கம்பங்களும் வண்டியின் கண்ணாடியில் தெரிவதால், அது எந்தப் பக்கம் திரும்புகிறது என்பதை உடனே அறிந்து ஸ்டியரிங்கைத் திருத்த முடிகிறது. இந்த ஒன்றுக்காகவே வாங்கலாம் என்பேன்.

ஆனால் விளக்கத் தாளில் உள்ள ‘படகைத் தானாகவே நடுவில் அமர்த்தும்’ என்ற வாக்குறுதியை முழுமையாக ஏற்க முடியாது. படகு நேராக அமர்வதைத் தீர்மானிப்பது டிரெய்லர் நிற்கும் ஆழமே. படகை நீரில் இறக்கி ஏற்றும் சாய்தளத்தில் டிரெய்லரும் சாய்ந்து நிற்பதால், படகின் அடிப்பகுதியைத் தாங்கும் கார்பெட் சுற்றிய தாங்குகட்டைகளின் முன்பகுதியில் அணியம் பதிந்துவிட்ட பிறகும் பின்புறம் மிதந்துகொண்டே இருக்கும். வண்டி மேலேறி நீர் வடியும்போதுதான் அது கடைசியாகக் கீழே அமரும். டிரெய்லர் மிக ஆழத்தில் நின்றால் பின்புறம் மிதக்கும் இந்த நேரம் நீண்டு, காற்றும் அலையும் தள்ளிய இடத்திலேயே படகு உட்கார்ந்துவிடும். நான் முதலில் தாங்குகட்டைகளின் கார்பெட் நன்கு நனையும்வரை டிரெய்லரை உள்ளே இறக்கிவிட்டு, மட்கார்டின் மேல்விளிம்பு நீருக்கு மேல் 3 முதல் 5 சென்டிமீட்டர் தெரியும்வரை முன்னே நகர்த்தி நிறுத்துகிறேன். கடைசித் தூரத்தை வின்ச் இழுக்கும்போது ‘வி’ வடிவ அடிப்பகுதி கட்டைகளுக்கு இடையில் தன் இடத்தைத் தேடிக்கொள்கிறது. பின்புறம் ஒதுங்காமல் பார்த்துக்கொள்வது மட்டுமே கம்பங்களின் வேலை. சரிவு அதிகமான சாய்தளத்தில் டிரெய்லரின் பின்முனை விரைவாக ஆழத்துக்குப் போய்விடும் என்பதால், அங்கே இன்னும் சற்று முன்னே நிறுத்த வேண்டியிருக்கும்.

பொருத்தும் முறையைப் பற்றி விளக்கத் தாள் போதிய அளவு சொல்லவில்லை என்பது எனக்கு உண்மையிலேயே வருத்தம். சமதளத்தில், படகு சரியாக நடுவில் அமர்ந்திருக்கும்போதுதான் கம்பங்களின் இடத்தைக் குறிக்க வேண்டும். கோணலாக இருக்கும் படகை வைத்து அளந்தால் அந்தக் கோணல் நிரந்தரமாகிவிடும். நான் ஒவ்வொரு பக்கமும் 2 சென்டிமீட்டர் இடைவெளி விட்டேன். முதலில் 6 சென்டிமீட்டர் விட்டுப் பார்த்தபோது கம்பங்கள் இருந்தும் படகு ஒருபக்கம் சாய்ந்தே வந்தது.

குறைகளும் உண்டு. உடன் வந்த யு-போல்ட்டுகளின் துத்தநாகப் பூச்சு மெல்லியது. கடல்நீரில் ஒரே ஆண்டில் துருவேறிவிட்டதால், உருகிய துத்தநாகத்தில் முக்கியெடுத்த தடித்த பூச்சுள்ளவற்றை மாற்றிப் போட்டேன். குழாய் மூடிகளில் ஒன்று கழன்று தொலைந்தது. பலத்த காற்றில் கம்பங்கள் வெளிப்பக்கம் வளைந்து கொடுக்கின்றன. என் படகுக்கு அது போதுமானதாக இருந்தாலும், கனமான படகு வைத்திருப்பவர்கள் நீளவாக்கில் கட்டை பொருத்திய பக்கத் தாங்கிகளைத் தேர்ந்தெடுப்பது நல்லது. எதைப் பொருத்தினாலும், முதல் சில பயணங்களுக்குப் பின் நட்டுகளைச் சாவி வைத்து மீண்டும் இறுக்குங்கள். என்னுடையவற்றில் இரண்டு அரைச் சுற்றுக்கு மேல் தளர்ந்திருந்தன.