2048 போதும், பரப்பைப் பாருங்கள்: பட்ஜெட் டிராயிங் டேப்லெட்டும் விலை உயர்ந்ததும்

கணினியில் செருகி, பேனாவால் அதன்மேல் வரைந்தால் கோடு திரையில் விழும் பலகைதான் டிராயிங் டேப்லெட். அதன் பெட்டியில் பெரிய எழுத்தில் இருப்பது பிரஷர் லெவல், அதாவது பேனாவின் அழுத்தத்தை எத்தனை நிலைகளாகப் பிரித்து உணர்கிறது என்ற எண். வாங்கப் போகும்போது முதலில் மறக்க வேண்டிய எண்ணும் அதுதான். ஒன் பை வாகாம் சிறியது (சிடிஎல்-472) 2048 நிலை தருகிறது, ஹுயான் எச்640பி 8192. கோடு 1 பிக்சலிலிருந்து 20 பிக்சல் வரை தடிக்க 2048 தாராளம். அழுத்தத்தால் அடர்த்தியை மாற்றினாலும் 8-பிட் படத்தில் இருப்பது 256 படிகள்தான். பேனா எவ்வளவு லேசாகத் தொட்டால் கோடு விழுகிறது என்பதே கைக்குத் தெரியும் வித்தியாசம். அது பெரும்பாலும் பெட்டியில் அச்சாவதில்லை.

பார்க்க வேண்டியது வரையும் பரப்பு. வாகாமில் 152 × 95 மி.மீ, ஹுயானில் 160 × 100 மி.மீ. இதை உங்கள் திரையின் அகலத்தோடு வைத்துப் பாருங்கள். 24 அங்குல மானிட்டரின் அகலம் சுமார் 531 மி.மீ. சிறிய டேப்லெட்டில் கை 1 செ.மீ நகர்ந்தால் திரையில் கர்சர் மூன்றரை செ.மீ ஓடும். கையின் சின்ன நடுக்கமும் அதே அளவு பெரிதாகும். புதிதாக வரைபவர்கள் தங்கள் கையைக் குறை சொல்வது பெரும்பாலும் இதனால்தான். 14 அங்குல லேப்டாப்பில் அதே 1 செ.மீ இரண்டு செ.மீதான், அதற்குச் சிறியதே போதும்.

மானிட்டரில் வரைபவர் மீடியம் அளவுக்குப் போக வேண்டும். அதற்காக உடனே வாகாமின் விலை உயர்ந்த இன்டுவோஸ் ப்ரோ (பிடிஎச்-660, 224 × 148 மி.மீ) வாங்க வேண்டியதில்லை. ஒன் பை வாகாம் மீடியம் 216 × 135 மி.மீ. எக்ஸ்பி-பென் டெகோ 01 வி2 254 × 159 மி.மீ, பேனாவின் சாய்வையும் உணரும், 8 பட்டன்களும் உண்டு. ப்ரோவுக்குக் கொடுக்கும் கூடுதல் பணம் பேனாவின் பின்முனை அழிப்பான், விரலால் சுழற்றும் டச் ரிங், புளூடூத் இவற்றுக்குப் போகிறது. நிதானமாக இழுக்கும் கோட்டின் நேர்த்திக்கும் போகிறது. கடையில் இதைச் சோதிக்கலாம்: பிளாஸ்டிக் ஸ்கேலைச் சாய்வாக வைத்து, ஸ்டெபிலைசரை (மென்பொருள் கோட்டைத் தானே நேராக்கும் வசதி) அணைத்துவிட்டு மிக மெதுவாக ஒரு கோடு போடுங்கள். கோடு அலை அலையாக நெளிந்தால் கோடுகளாலேயே படம் போடும் லைன் ஆர்ட்காரருக்கு அந்த டேப்லெட் எரிச்சல்தான். வண்ணம் தீட்டுபவருக்கு அது கண்ணிலேயே படாது. இரும்பு ஸ்கேல் வேண்டாம், இந்தப் பேனாக்கள் காந்தப்புலத்தில் இயங்குபவை. வீட்டிலும் இரும்பு மேசைமேல் நேரடியாக வைத்தால் கர்சர் துள்ளும். இடையில் ஒரு தடித்த அட்டை வையுங்கள்.

சிறியவை இரண்டில் என் தேர்வு எச்640பி. அதிலுள்ள 6 பட்டன்களில் அன்டூ, பிரஷ் அளவு, கேன்வாஸ் நகர்த்தல் மூன்றை வைத்தாலே இடது கை கீபோர்டைத் தேடாது. வாகாமில் பட்டனே இல்லை. டிரைவர் (டேப்லெட்டைக் கணினியோடு பேச வைக்கும் மென்பொருள்) தொல்லை குறைவு என்பது அதன் பலம், லினக்ஸில் செருகினாலே ஓடும்.

வாங்கியதும் ஒரு வட்டமான பிளாஸ்டிக் மூடியை டேப்லெட்டில் வைத்துச் சுற்றி வரையுங்கள். திரையில் முட்டை வடிவம் வரும். டேப்லெட் 16:10, திரை 16:9, அதனால் படம் அகலத்தில் 11 சதவீதம் இழுபடுகிறது. டிரைவரில் விகிதத்தைப் பூட்டினால் எச்640பியின் பரப்பு 160 × 90 ஆகும், வட்டமும் வட்டமாகும். இதைச் செய்யாமல் மாதக்கணக்கில் முகம் வரைந்து பழகிவிட்டால் கை அந்தப் பிழைக்கே பழகிவிடும்.

அழுத்தம் வேலை செய்யாவிட்டால் டேப்லெட்டைத் திருப்பி அனுப்பாதீர்கள். பழைய டேப்லெட்டின் டிரைவர் கணினியில் இருந்தால் முதலில் நீக்கி, ரீஸ்டார்ட் செய்து, புதியதை நிறுவுங்கள். விண்டோஸில் கிரிட்டா என்ற இலவச வரைமென்பொருளில் வரைந்தால், அதன் டேப்லெட் செட்டிங்ஸில் பேனாவின் அழுத்தத்தைப் படிக்கும் இரண்டு வழிகளான வின்டேப், விண்டோஸ் இங்க் இரண்டையும் மாற்றிப் பாருங்கள், ஒவ்வொரு முறையும் கிரிட்டாவை மூடித் திறக்க வேண்டும். மேக்கில் டிரைவருக்கு அக்சஸிபிலிட்டி அனுமதி தராவிட்டால் பேனாவுக்குக் கர்சர் அசையாது.

பேனாவின் முனையான நிப் தேய்ந்து ஒரு பக்கம் உளி போலத் தட்டையானால் உடனே மாற்றுங்கள், அந்த விளிம்பு பரப்பைக் கீறும். கூடவே வரும் வளையத்தில் நிப்பைக் கவ்வி நேராக இழுக்க வேண்டும், சாய்த்தால் உள்ளே ஒடியும். எச்640பி, ஒன் பை வாகாம் இரண்டிலும் மைக்ரோ யுஎஸ்பி போர்ட். கேபிளைச் செருகியபடியே பையில் திணித்தால் முதலில் போவது அந்த போர்ட்தான்.