தைலமரமா, சீமைக் கருவேலமா? விறகுக்கு விடும் நிலத்தின் கரிமக் கணக்கு

காரைக்குடியைச் சுற்றிப் பயிரிடாமல் கிடக்கும் புஞ்சைகளில் சீமைக் கருவேலம் தானாக மண்டிவிடுகிறது. அதை அப்படியே வைத்து வெட்டி விற்கலாம்; வேரோடு பிடுங்கிவிட்டுத் தைலமரம் வைக்கலாம். எங்கள் நிலத்தில் கருவேலத்தையே வைத்துக்கொண்டோம். வெட்டுகிறோம், தழைக்க விடுகிறோம், மறுபடி வெட்டுகிறோம். என் சாய்வு அந்தப் பக்கம்தான்.

வருமானத்தில் தைலமரம் முந்தும். நேராக வளரும், முள் இல்லை, விறகுக்குப் போகாவிட்டால் காகித ஆலைக்குப் போகும், வெட்டிய கட்டையிலிருந்து மறுதாம்பும் கிடைக்கும். கருவேலம் கோணல்மாணல், ஆனால் நின்று எரியும். அவ்வளவுதான்.

பருவநிலைக் கணக்கு வேறு. விறகை எரித்தால் கரியமில வாயுவே சேராது என்பதுபோல் ஒரு பேச்சு உண்டு. ஐ.நா.வின் பருவநிலை அறிஞர் குழுவான ஐ.பி.சி.சி.யின் 2006 வழிகாட்டு நெறிகளின்படி, ஒரு கிகாஜூல் வெப்பத்துக்கு விறகு சுமார் 112 கிலோ கரியமில வாயுவை விடுகிறது. நிலக்கரி சுமார் 95 கிலோ. புகைபோக்கியில் அளந்தால் விறகுதான் மோசம். நாடுகளின் எரிசக்திக் கணக்கில் அதற்குப் பூஜ்யம் போடுவது, மரம் வெட்டியதை நிலக் கணக்கில் எழுத வேண்டும் என்ற விதியால். பர்மாவிலும் மலேயாவிலும் வட்டிக்கடை நடத்திய ஊர்கள் இவை. வேறு பேரேட்டில் எழுதிய செலவைச் செலவே இல்லை என்று யாராவது சொன்னால் இங்கே சிரிப்பார்கள்.

எனக்கு முடிவைத் தீர்மானித்தது கரிமக் கடன். கருவேலம் நிற்கும் நிலத்தில் பொக்லைனை இறக்கினால் தண்டு, வேர், கிளறிய மண் ஆகியவற்றில் இருந்த கரிமத்தில் பெரும்பங்கு, புதுக் கன்று நிமிர்வதற்குள் காற்றுக்குப் போகத் தொடங்கிவிடும். தைலமரம் முதலில் அந்தக் கடனை அடைக்க வேண்டும். நிலக்கரியை மிச்சப்படுத்திய பேச்செல்லாம் அதற்குப் பிறகுதான். வேகமாக வளரும் மரம், கடன் சீக்கிரம் தீரும் என்பார்கள். ஆழமான மண்ணும் நல்ல மழையும் இருந்தால் உண்மைதான். செம்புராங்கல் மேலாகவே தட்டுப்படும் எங்கள் பக்கத்தில் இரண்டு மழை பொய்த்தால் தவணை தள்ளிப்போகும். கருவேலத்தை வெட்டினாலும் கடன் உண்டு, ஆனால் சிறியது. அடிக்கட்டையும் வேரும் மண்ணிலேயே இருக்கின்றன, உழவு இல்லை, துளிர்ப்பு உடனே தொடங்குகிறது. பகுதி பகுதியாக வெட்டினால் நிலம் ஒருபோதும் மொட்டையாவதில்லை. மண்ணுக்குள் இருக்கும் கரிமத்தை நான் அளந்து பார்த்ததில்லை. இந்த வாதத்தில் மெலிந்த இடம் அதுதான்.

வரகோ நிலக்கடலையோ விளைந்த நிலமென்றால் பேச்சே வேறு. அங்கே தைலமரம் ஏறினால் அந்த விளைச்சலுக்கு வேறெங்கோ காடு அழியக்கூடும். 2008-இல் ‘சயின்ஸ்’ இதழில் ஆய்வாளர் திமோத்தி செர்ச்சிங்கர் குழுவினர், அமெரிக்காவில் மக்காச்சோளத்திலிருந்து எடுக்கும் எத்தனால் எரிபொருளுக்கு இந்த மறைமுக இழப்பையும் சேர்த்துக் கணக்கிட்டார்கள். பெட்ரோலைவிட 20 சதவீதம் உமிழ்வு குறையும் என்றிருந்த கணக்கு, 30 ஆண்டுகளில் உமிழ்வு ஏறக்குறைய இரட்டிப்பாகும் என்று புரண்டது. தானாக மண்டிய கருவேலம் யாருடைய சோற்றையும் இடம்பெயர்க்கவில்லை.

அதற்காகக் கருவேலத்துக்குக் கொடி பிடிக்கவில்லை. விறகு கரிமூட்டத்துக்குப் போனால் என் கணக்கு பாதி அடிபடும்: மரத்தின் ஆற்றலில் பெரும்பகுதி மூட்டத்திலேயே வீணாகிறது, புகையோடு மீத்தேனும் போகிறது. ஆடு மாடுகள் காயைத் தின்று பக்கத்து நிலத்தில் விதைத்துவிடும்; அந்தச் சண்டைக்கும் தயாராக இருக்க வேண்டும். கண்மாய்க்குள் நிற்பதையோ கணக்கே பார்க்காமல் வேரோடு எடுக்கத்தான் வேண்டும். அங்கே தண்ணீர்தான் முதல்.

புல்கூடச் சரியாக முளைக்காத வெறும் பொட்டலுக்கு மட்டும் தைலமரத்தைப் பரிந்துரைப்பேன். அங்கே அடைக்க வேண்டிய பழைய கடன் அதிகம் இல்லை. ஆனால் மழைநீரைத் தேக்க வெட்டும் குழியும் வரப்பும் கீழே இருக்கும் கண்மாயின் வரத்துக் கால்வாயை மறிக்காதபடி, கன்று வாங்குவதற்கு முன்பே நிலத்தின் வாட்டம் பார்த்துவிடுங்கள்.