மூன்றரை வருடம் கறவை மெஷினோடு: கறக்கும்போது வலி இல்லை, கழுவும்போதுதான்

போன வாரம் என் கறவை மெஷினில் பல்சேட்டர், காற்றை விட்டுவிட்டு இழுக்க வைக்கும் பாகம், நின்றுவிட்டது. உதிரிப் பாகம் வந்து சேர ஐந்து நாள் ஆனது. அந்த ஐந்து நாளும் பழையபடி வாளியை வைத்துக் கையால் கறந்தேன். மெஷின் திரும்ப ஓடத் தொடங்கிய அன்றே, மூன்று வெள்ளாடு வைத்திருக்கும் தோழி ஒருத்தி கேட்டாள்: "அக்கா, எனக்கும் கட்டைவிரல் போச்சு. உங்களை மாதிரி மெஷின் வாங்கிடவா?" வாங்கு, வாங்காதே என்று ஒரு வார்த்தையில் முடிக்க வேண்டிய பதில். எனக்கு வாயில் வரவில்லை. அதனால்தான் இத்தனை நீளமாக எழுதுகிறேன்.

என்னுடையது ஒற்றை வாளி, காம்பில் மாட்டும் நான்கு கப்பு, சக்கரம் வைத்துத் தள்ளிக்கொண்டு போகும் சாதாரண மெஷின். மோட்டார் எவ்வளவு, வாளி எத்தனை லிட்டர் என்பதெல்லாம் வாங்க நினைக்கிறவர்களுக்கு ஏற்கனவே மனப்பாடமாக இருக்கும், அதற்குள் போகவில்லை. செவலை, கருப்பி என்று இரண்டு மாடு, இரண்டு வேளை. வற்றிக் கிடந்த மாதங்களைக் கழித்தாலும் 4,000 கறவைக்கு மேல் ஓடியிருக்கிறது. பாலின் தரத்திலோ மடியிலோ இதனால் ஒரு கெடுதலும் வரவில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பின்னால் நான் திட்டும்போது மறந்துவிடக் கூடாது.

கையைப் பற்றிச் சொன்னால்தான் மற்றது புரியும். ஒருநாள் பொழுது போகாமல் கருப்பியிடம் எத்தனை பீச்சு என்று எண்ணிப் பார்த்தேன். ஆறு லிட்டருக்கு 612. இரண்டு மாடு, இரண்டு வேளை என்றால் ஒரு நாளைக்கு 2,400ஐத் தாண்டும். கைக்கு ஆயிரத்து இருநூறு முறை இறுக்கி விடுவது. இருபது வருடம் அப்படிக் கறந்த கை, ஒருநாள் ராத்திரி இரண்டு மணிக்கு என்னை எழுப்பியது. வலதுகையில் கட்டைவிரல், ஆள்காட்டி, நடுவிரல் மூன்றும் மரத்துப்போய், உதறினால்தான் உயிர் வந்தது. சுண்டுவிரலுக்கு ஒன்றும் இல்லை. இடதுகையில் மரப்பு கிடையாது, ஆனால் கட்டைவிரலின் அடியில், மணிக்கட்டை ஒட்டிய மூட்டில், மூடி திறந்தால் கத்தியால் குத்துவது போல ஒரு வலி.

இரண்டும் ஒரே நோய் என்றுதான் நினைத்திருந்தேன். மருத்துவர் பார்த்துவிட்டு இரண்டும் வேறு வேறு என்றார். வலதுகையில் மணிக்கட்டின் குறுகிய வழியில் நரம்பு அமுங்குகிறது. அந்த நரம்பு சுண்டுவிரலுக்குப் போவதில்லை, அதனால்தான் அது தப்பித்தது. இடதுகையில் கட்டைவிரல் அடிமூட்டுத் தேய்மானம். கட்டைவிரலை முஷ்டிக்குள் மடக்கச் சொல்லி, மணிக்கட்டைச் சுண்டுவிரல் பக்கம் சாய்த்தும் பார்த்தார். அதில் வலி தெறித்திருந்தால் மூன்றாவதாக ஒன்று, தசைநாண் உறை வீக்கம், 1895இல் டி குவெர்வெய்ன் என்ற சுவிஸ் அறுவை மருத்துவர் எழுதி வைத்தது. எனக்கு அது இல்லை. நரம்புக்கு ராத்திரி மணிக்கட்டை நேராக வைக்கும் பட்டை கொடுத்தார். நான்கு வாரத்தில் தூக்கம் திரும்பியது. கறக்கிற வேலையைக் குறைக்கச் சொன்னார். மாட்டிடம் போய் யார் சொல்வது?

மெஷினுக்கு முன்னால் ஒரு முட்டாள்தனம் செய்தேன். பாட்டிலும் குழாயும் வைத்து, கையால் விசையை அமுக்கி அமுக்கிக் காற்றை இழுக்கும் சின்ன பம்பு ஒன்று வாங்கினேன். அமுக்குவதற்குக் கை வலிக்கிறது என்று வாங்கிய பொருளை அமுக்கித்தான் ஓட்ட வேண்டும். அதோடு அதில் விட்டுவிட்டு இழுக்கும் ஏற்பாடு கிடையாது, ஒரே இழுப்பு. காம்பு நுனியில் ரத்தம் கட்டிச் சிவந்துவிட்டது. நான்காம் நாள் பரணில் ஏற்றினேன், இன்னும் அங்கேதான் இருக்கிறது.

அப்புறம் இந்த மெஷின். முதல் ஒரு வாரம் செவலை உதைத்தாள், கருப்பி சுரப்பு விடாமல் அடக்கினாள். மாடு மிரண்டால் பால் இறங்காது, எந்த மெஷினாலும் உறிஞ்சி எடுக்க முடியாது. மடியைக் கழுவித் துடைத்து, ஒவ்வொரு காம்பிலும் மூன்று நான்கு பீச்சு கையால் விட்டு, பாலில் கட்டி இருக்கிறதா என்று பார்த்து, ஒரு நிமிடத்தில் கப்பு மாட்டினால் ஐந்து, ஆறு நிமிடத்தில் வேலை முடியும். இரண்டாவது வாரத்திலிருந்து பல்சேட்டரின் டக் டக் சத்தம் கேட்டாலே கருப்பி அசை போடத் தொடங்கினாள். காம்பில் பால் துளிர்த்து நிற்கும். முன்பு கன்றைப் பார்த்தால் வந்த சுரப்பு, இப்போது ஒரு பிளாஸ்டிக் டப்பாவின் சத்தத்துக்கு வருகிறது. கன்று கோபித்துக்கொள்ளாமல் இருந்தால் சரி.

எனக்குப் பிடித்தது வேகம் இல்லை. கை சும்மா இருக்கும் அந்த ஐந்து நிமிடம். இருபது வருடத்தில் கறக்கும் நேரத்தில் நான் மாட்டின் முகத்தைப் பார்த்ததே இல்லை, விலாவில் நெற்றியை முட்டுக் கொடுத்துக் குனிந்தபடியேதான் இருந்திருக்கிறேன். இப்போது செவலையின் தாடையைச் சொறிந்துகொண்டு நிற்கிறேன். அவள் கண்ணை மூடிக்கொள்வாள்.

இங்கே நிறுத்தினால் நல்ல விமர்சனம். ஆனால் கறந்து முடித்த பிறகு கழுவ வேண்டும்.

இந்த மெஷினை வடிவமைத்தவருக்குக் கட்டைவிரல் வலித்ததே இல்லை, சத்தியம் செய்வேன். கப்பிலிருந்து வரும் நான்கு ரப்பர் குழலும், அவை வந்து சேரும் கிண்ணமான கிளாவின் முனைகளில் இறுக்கமாகச் செருகியிருக்கும். காற்று புகக் கூடாது, அதனால் இறுக்கம் வேண்டும்தான். அவற்றைத் தினமும் பிடுங்கித் தூரிகை விட்டுக் கழுவ வேண்டும். பிடுங்குவது என்றால் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் கிள்ளிப் பிடித்து இழுப்பது. தேய்ந்த அடிமூட்டுக்கு இதைவிடக் கெட்ட வேலை கிடையாது. விரல் நுனியில் நாம் கொடுக்கும் கிள்ளல், அடிமூட்டில் பல மடங்காகப் போய் இறங்கும். கறக்கும்போது முழங்கைக்குக் கீழே உள்ள தசை எல்லாம் சேர்ந்து உழைக்கிறது. இங்கே பாரம் முழுவதும் அந்த ஒரே மூட்டின் தலையில்.

கப்பு மாட்டும்போதும் இதே கதை. காற்று உள்ளே போகாமல் குழலை ஒடித்துப் பிடித்துக்கொண்டு காம்பில் ஏற்ற வேண்டும். ஒடிப்பது எது? கட்டைவிரல். அந்த நேரம் முழுக்கக் கிளாவும் கப்புகளும் சேர்ந்த கனத்தை இடதுகை தாங்கியிருக்கும்.

லைனர், அதாவது கப்புக்குள் இருந்து காம்பைப் பிடிக்கும் ரப்பர், அதை மாற்றும் நாளைச் சொன்னால் இன்னும் கோபம் வரும். சுமார் 2,500 கறவைக்கு ஒருமுறை ரப்பரை மாற்ற வேண்டும். எனக்கு அந்தக் கணக்கு நிறையவே நாள் எடுக்கும். ஆனால் ரப்பர் அதுவரை காத்திருக்காது, கொழுப்பும் வெந்நீரும் பட்டு ஊதி, உள்ளே நுண்ணிய வெடிப்பு விடும். அதனால் ஆறு மாதத்துக்கு ஒருமுறை மாற்றிவிடுகிறேன். புதியதை எஃகு உறைக்குள் நுழைத்து, மறுமுனையில் இழுத்து, முறுக்கிக்கொள்ளாமல் மேல் குறியும் கீழ்க் குறியும் நேராக வரும்படி உட்கார வைக்க வேண்டும். முறுக்கிக்கொண்டால் காம்பைச் சரியாக அமுக்காது. முதல் தடவை நான்கையும் மாற்றி முடித்தபோது கண்ணில் தண்ணீர் வந்தது. அடுத்த இரண்டு நாள் சட்டைப் பொத்தான் போட முடியவில்லை. கை நோகாமல் இருக்க வாங்கிய மெஷின் இது.

வாங்கிய இடத்தில் கேட்டேன். "பழகிடும்" என்றார்கள். மூட்டு பழகாது. ரப்பர்தான் பழக வேண்டும், அதற்கு வெந்நீர் வேண்டும். கறந்த உடனே வெதுவெதுப்பான தண்ணீரில்தான் முதல் அலசல். சுடுநீர் என்றால் பாலின் புரதம் பிடித்துக்கொள்ளும், பச்சைத் தண்ணீர் என்றால் கொழுப்பு உறையும். அதற்குப் பிறகு சோப்புக் கரைசல், எழுபது டிகிரி அளவு சூட்டில். அந்தச் சூட்டில் குழல்களை இரண்டு நிமிடம் ஊறப் போட்டு, ரப்பர் கையுறையோடு எடுத்தால் பாதி பலம் போதும். நேராக இழுக்காமல் திருகிக்கொண்டே எடுத்தால் அதிலும் பாதி. வாரம் ஒருமுறை அமிலக் கழுவல், பால்கல், அதாவது பாலின் உப்புப் படிவு, படியாமல் இருக்க. அது சும்மா ஊற்றி ஓட விடுவதுதான், கைக்கு வேலை இல்லை.

என்னைக் காப்பாற்றியது ஒரு பலகை. முழ நீளக் கட்டைப் பலகையின் ஓரத்தில் கவட்டை போல ஒரு வெட்டு. அதைக் காலடியில் மிதித்துக்கொண்டு, குழலின் உதட்டைக் கவட்டையில் மாட்டி, கிளாவை இரண்டு கையாலும் முழுசாகப் பிடித்து மேலே தூக்கினால் 'ப்ளக்' என்று வந்துவிடும். கிள்ளவே வேண்டாம். லைனரை உறையிலிருந்து உருவவும் இதேதான். இதைக் கண்டுபிடிக்க எனக்கு இரண்டு வருடம் ஆனது. மெஷினோடு வந்த பெட்டியில் தூரிகை மூன்று இருந்தது, எண்ணெய்ப் புட்டி இருந்தது, நிறுவனத்தின் பெயர் போட்ட தொப்பி கூட இருந்தது. இப்படி ஒரு துண்டு மரம் வைக்க மனசு வரவில்லை.

சரி, அந்த ஐந்து நாள். பல்சேட்டர் நிமிடத்துக்கு அறுபது தட்டு தட்ட வேண்டும். இரண்டு மூன்று நாளாகவே தாளம் தளர்ந்திருந்தது, நான்தான் கவனிக்கவில்லை. செவலை கவனித்துக் கப்பை உதைத்துத் தள்ளிவிட்டாள். திறந்து பார்த்தால் உள்ளே சவ்வு கிழிந்திருந்தது. இப்போது வாரம் ஒருமுறை கடிகாரத்தை வைத்துக்கொண்டு எண்ணுகிறேன். எல்லோரும் எண்ணுங்கள், தாளம் கெட்டால் முதலில் அடிபடுவது காம்பு.

கையால் கறக்க உட்கார்ந்தபோது பயந்துகொண்டேதான் உட்கார்ந்தேன். இந்தத் தடவை முறையை மாற்றினேன். இருபது வருடமாகக் கட்டைவிரலை மடக்கி, அதன் கணுவைக் காம்பில் வைத்து அமுக்கியே கறந்திருக்கிறேன். அப்படித்தான் பழக்கிவிட்டார்கள். காம்புக்கும் கெடுதல், மூட்டுக்கும் கெடுதல். இப்போது முழுக்கையால்: கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் மேலே வளையம் போலப் பிடித்துப் பாலை உள்ளே அடைக்க, மற்ற மூன்று விரலும் ஒன்றன்பின் ஒன்றாக மூட வேண்டும். கட்டைவிரல் வெளியில் நீட்டியபடி இருக்கும். இழுக்கவே வேண்டாம், இறுக்கினால் போதும். முக்காலியை உயர்த்தி, மணிக்கட்டு மடங்காமல் முழங்கையோடு நேராக நிற்கும்படி உட்கார்ந்தேன். மடி கழுவும் வெதுவெதுப்பான துணியில் என் கையையும் ஒரு நிமிடம் சுற்றி வைத்துவிட்டு, ஈரம் துடைத்துத் தொடங்கினேன்.

இடது கட்டைவிரல் வலிக்கவில்லை! ஐந்து நாளும் வலிக்கவில்லை. மெஷின் கழுவும் நாட்களில் வலித்த அளவுகூட இல்லை. எனக்குச் சிரிப்பதா அழுவதா தெரியவில்லை. மூன்றரை வருடம் முன்னால் யாராவது என் கட்டைவிரலை நிமிர்த்தி வைத்திருந்தால்?

ஆனால் மூன்றாம் ராத்திரி இரண்டு மணிக்கு வலதுகை எழுப்பியது. அதே மூன்று விரல், அதே மரப்பு. நரம்புக்கு எப்படிப் பிடித்தால் என்ன, 1,200 இறுக்கல் என்பது 1,200தான். மெஷின் வந்த பிறகு ஒரு ராத்திரிகூட அப்படி எழுந்ததில்லை, அதையும் ஒப்புக்கொள்ள வேண்டும்.

தோழிக்குச் சொன்னது இதுதான். உனக்கு ராத்திரி மரப்பு இல்லை, மூட்டு வலி மட்டும்தான். மூன்று ஆடு, ஆறு காம்பு. கறக்கக் கால் மணி, மெஷின் வாங்கினால் கழுவ அரை மணி, அந்த அரை மணியும் கட்டைவிரல் தலையில். ஆட்டுக்கு லைனரும் வேறு, காற்றை இழுக்கும் வேகத்தை, அதாவது உறிஞ்சலை, குறைவாக வைக்க வேண்டும், தட்டு வேகமாக வைக்க வேண்டும். வேண்டாம். ஆட்டை மேடையில் ஏற்று, மணிக்கட்டை நேராக்கு, கட்டைவிரலை மடக்காதே, ஒரு மாதம் பார். மெஷின் வாங்காதே.

"அப்படின்னா உங்க மெஷின் உங்களுக்கும் உதவாதுன்னுதானே அர்த்தம்? எனக்குக் கொடுத்துடுங்க, அண்ணன் மகன் மாடு வாங்கியிருக்கான்" என்றாள்.

தர மாட்டேன் என்றேன். கொஞ்சம் சத்தமாகவே சொல்லிவிட்டேன் போல, செவலை திரும்பிப் பார்த்தாள். வேண்டுமானால் பலகையை அளவெடுத்துக்கொள் என்று சொல்லிவிட்டு, சோப்புத் தண்ணீர் ஆறுவதற்குள் குழல்களைப் பிடுங்கப் போய்விட்டேன்.